செத்த பயிருக்கு ஒரு நடவு

இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை மறந்துவிட்டு இரண்டு நாள் வெளியூர் போய்விட்டேன். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் கூடம் வரை வந்து நின்றது. புளிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. புளிப்புக்கு அடியில் சேறு. சேற்றுக்கு அடியில், எப்படிச் சொல்ல, எரிச்சல். பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். என் வயதுக்காரர்களே, நாற்பதைத் தொட்டுவிட்டுக் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டே தேடுகிறவர்களே, உங்களுக்கும் இப்படி ஆகிறதா? ஆறிப்போயிற்று என்று நினைத்த கோபம் ஒரு பாத்திரத் தண்ணீரில் ஊறிக்கொண்டு இத்தனை வருடம் காத்திருக்குமா?

நான் சொல்ல வந்தது ஒரு மழைக்காலத்தைப் பற்றி. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

எங்கள் ஊர் வடக்குப்பட்டுக்குப் பக்கம். ஏரிக்குக் கீழே முக்கால் ஏக்கர் கழனி. பட்டா அப்பா பேரில், சேறு அம்மா காலில். அப்பா பென்னலூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் பரிமாறுகிற வேலையில் இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையில் ஆயிரம் பேருக்கு ஊற்றிய சாம்பார் மணக்கும். அந்தக் கேன்டீனுக்கு அரிசி ஆந்திராவிலிருந்து லாரி லாரியாக வருகிறது என்பார், ஏதோ அவரே ஓட்டிக்கொண்டு வந்த மாதிரி. அம்மா அப்போது முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. நெல் பால் பிடித்திருந்த சமயம். கதிரைக் கிள்ளினால் நகத்தில் வெள்ளையாய் ஒட்டும், நாக்கில் வைத்தால் தித்திக்கும். ஏரி நிரம்பினால் வழிகிற தண்ணீர் போவதற்கென்று எங்கள் கழனிகளைத் தாண்டி ஒரு கால்வாய் இருந்தது. அந்தச் சித்திரையில்தான் அதன் குறுக்கே ஒரு காம்பவுண்டுச் சுவர் எழும்பியிருந்தது. உள்ளே கம்பெனி வரவில்லை. சுவர் மட்டும் முதலில் வந்து நின்றது, கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்னால் பெட்டியோடு வந்து இறங்கிவிட்ட சம்பந்தி மாதிரி. தண்ணீர் போய்ச் சுவரைப் பார்த்தது. திரும்பி வந்தது. எங்கள் கழனியில் உட்கார்ந்தது. பதினோரு நாள்.

அம்மா யூரியா சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடக்கி, முக்காடாகத் தலையில் மாட்டிக்கொண்டு தினமும் வரப்புக்குப் போவாள். நானும் அதே சாக்குக்குள் தலையை நுழைத்துக்கொள்வேன். அந்தச் சாக்கு முக்காடு இப்போது யாரிடமாவது இருக்கிறதா? அதற்குள்ளே மழை வேறு மாதிரிக் கேட்கும், பக்கத்துத் தெருவில் யாரோ கடலை வறுக்கிற மாதிரி. அம்மாவின் கழுத்து வியர்வையும் யூரியாவின் காரமும் கலந்து மணக்கும். முதல் இரண்டு நாள் நெல்லின் நுனி தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் நாற்றம் தொடங்கியது.

நிவாரணம் என்ற சொல் ரேடியோவில்தான் முதலில் வந்தது. பயிர் அழிந்தவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும், அதிகாரிகள் நேரில் வந்து சேதத்தைப் பார்ப்பார்கள் என்றது. அன்றைக்குச் சாப்பாட்டின்போது அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தா மே, ஒண்ணு பேசி முடிச்சிக்குவோம். சர்க்காரு இத்த வெவசாயம்னு ஒத்துக்கினு நிவாரணம் குட்த்தா, நீ பயிரு வெச்சிக்கோ. நான் குறுக்க நிக்கல. குடுக்கலன்னா கழனிய குட்த்துடலாம். ஞாயித்துக்கெழம ஆனா புரோக்கரு வந்து ஒக்காந்துக்கினு கீறான். அவனுக்கு நான் இன்னா பதிலு சொல்றது?"

"சர்க்காருக்குக் கண்ணு இல்லியா? பதினோரு நாளு ஊரே பாத்துச்சு. குடுப்பாங்க."

"குடுக்கலன்னா?"

"குடுக்கலன்னா உன் இஸ்டம்."

இவ்வளவுதான் பேச்சு. முக்கால் ஏக்கர் கழனியை அம்மா ஒரு சோற்றுப் பருக்கையைத் துடைத்துப் போடுவதுபோல் பந்தயத்தில் வைத்தாள். அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாய் வருவது அந்தச் சந்தேகமின்மைமேல்தான்.

தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள், தலையாரி சைக்கிளில் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போனார். "வெள்ளிக்கெழம ஆபீசரு வராரு! கழனிய பாக்க ஆபீசரு வராரு!" தலையாரி என்றால் கிராம அலுவலருக்கு எடுபிடி, ஊருக்குச் செய்தித்தாள். அம்மாவுக்குத் தம்பி முறை.

என் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? ஆபீசர் வருகிறார் என்று கேட்டதும் கழனியைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள்.

சிரிக்காதீர்கள். வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால் உங்கள் அம்மா என்ன செய்வாள்? கிழிந்த பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ள மாட்டாளா? அழுகிக் கறுத்துத் தரையோடு தரையாய்க் கிடந்த நெல்லை அம்மா கைப்பிடி கைப்பிடியாக வேரோடு பிடுங்கினாள். இழுத்ததும் வந்தது, சீழ் பிடித்த பல் மாதிரி. என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. இரண்டு நாள் பிடுங்கி, ஏரிக்கரையோரம் வரப்பில் குவித்தோம். வியாழக்கிழமை டிராக்டர்காரரைக் கெஞ்சிக் கூட்டி வந்து சேடை ஓட்டினாள். சேறு வெண்ணெய் மாதிரி ஆயிற்று. வரப்பைக்கூடச் சீவினாள்.

"எதுக்குமா இப்போ?" என்று கேட்டேன்.

"வர்றவங்க அந்த அசிங்கத்தயா பாக்கணும்? கழனிய இப்பிடிப் போட்டு வெச்சிக்கினு கீறாளேன்னு காறித் துப்ப மாட்டாங்க?"

ஊரில் அம்மா ஒருத்திதான் இப்படிச் செய்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். கை சுத்தமான நாலைந்து பேர் செய்தார்கள். சோம்பேறிகள் எல்லோரும் பிழைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. கூலிங் கிளாஸ் போட்ட ஒரு ஆபீசர் கீழேகூட இறங்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "பயிர் எங்க?" என்றார்.

அம்மா வரப்புக் குவியலைக் காட்டினாள். "அதோ சார். அம்புட்டும் அழுவிப் போச்சு."

"அது குப்பைம்மா. நான் கேக்கறது பயிர்."

"அதான் சார் பயிரு. சுத்தம் பண்ணி வெச்சிக்கீறேன்."

ஆபீசர் கழனியைப் பார்த்தார். பளபளவென்று சேறு. வெயில் பட்டுக் கண்ணாடி மாதிரி மின்னியது. அவர் கூலிங் கிளாஸில் அது அழகாகத் தெரிந்தது, எனக்கே தெரிந்தது. "பயிர் இல்லை" என்று எழுதிக்கொண்டார். ஜீப் பத்தடி நகர்ந்து பக்கத்து நிலத்தின் முன்னால் நின்றது. அது மூன்று வருடத்துக்கு முன்னாலேயே மனை போட்டு மஞ்சள் கல் நட்ட இடம். சொந்தக்காரர் மெட்ராசில். ஏர் அங்கே போய் மூன்று வருடம். கோரையும், எப்போதோ உதிர்ந்து தானாய் முளைத்த நெல்லும் மண்டி, வெள்ளத்தில் படுத்து, கறுத்து, அருமையாக நாறிக்கொண்டிருந்தது.

"முழுச் சேதம்" என்றார் ஆபீசர், வருத்தத்தோடு.

அடுத்த வியாழக்கிழமை பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினார்கள். நான்தான் படித்தேன். மஞ்சள் கல்லுக்காரர் பேர் மூன்றாவதாக இருந்தது. அப்பா பேரைத் தேடி மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே விரலை ஓட்டினேன். பசை காயாமல் விரலில் ஒட்டியது. அம்மா பக்கத்தில் நின்று, "இன்னொரு தபா பாரு" என்றாள். பார்த்தேன். "எய்த்து சின்னதா கீதோ இன்னாவோ" என்றாள். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது.

ஓ.டி. பார்த்துவிட்டு வந்த அப்பா கால் கழுவிக்கொண்டே, "ஞாயித்துக்கெழம வூட்ல இருப்பேன்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அம்மா குவியலிலிருந்து இரண்டு கட்டு அழுகல் நெல்லை எடுத்துக் கோணியில் கட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாலுக்கா ஆபீசுக்கு டவுன் பஸ்.

கோணி ஏறியதும் பஸ்ஸில் முன்பக்கம் காலியாயிற்று. கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். "இன்னாமா அது, கருவாடா?"

"நெல்லு சார்."

"நெல்லா? நெல்லு இந்த நாத்தம் நாறுமா? எறக்கு, எறக்கு!"

"லக்கேஜு டிக்கெட்டு போட்டுக்கோ சார். சும்மாவா ஏத்திக்கினு வரேன்?"

கம்பெனி யூனிபாரத்தில் நின்றிருந்த ஒரு பையன், தெற்கத்திப் பையன், ஜன்னல் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொன்னான்: "விடுங்கண்ணே. எங்க ஊர்லயும் இப்பிடித்தான் நாறுச்சு. நான் அங்கருந்து ஓடியாந்ததே இந்த நாத்தத்துக்குத்தான்." பஸ் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அந்த மழைக்காலத்தில் அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு தடவைதான்.

தாலுக்கா ஆபீசில் ஒரு கிளார்க். அம்மா கோணியை அவிழ்த்ததும் நாற்காலியோடு பின்னால் போனார்.

"ஏம்மா! நாத்தத்தையெல்லாம் ஃபைல்ல வெக்க முடியாதும்மா. கட்டு அத. மனு எழுதிக் குடு."

காம்பவுண்டுச் சுவரில் காகிதத்தை வைத்து நான் எழுதினேன். கீழே அப்பா பேரையும் நானே போட்டேன். "மறு ஆய்வு" என்று முத்திரை குத்தினார் கிளார்க். குத்திவிட்டு, அவர் கெட்டவர் இல்லை, அம்மாவைப் பார்த்துப் பொறுமையாகச் சொன்னார்: "திங்கக்கெழம புது ஆர்.ஐ. மேடம் வருவாங்க. கேட்டுக்கோ. பயிரு கழனியில இருந்தாத்தான் பயிரு. வரப்புக்கு வந்துட்டா குப்ப. அவங்க பாக்கும்போது கழனியில இருக்கணும். நான் ரூலச் சொல்றேன்."

இந்த ரூலை நான் முப்பது வருடமாக மனதில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் யாரும் சொன்னதில்லை. இதைவிடப் பைத்தியக்காரத்தனமாகவும்.

ஊருக்குள் இறங்கியதும் டீக்கடையில் தலையாரி. அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே, "அப்ப இன்னாக்கா, குப்பைய எடுத்துத் திரும்ப நட்டுடு. மேட்டரு ஓவரு" என்றார். கடையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. கோணியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நெசமாவா மே?" என்றார் அப்பா, வீட்டில்.

"நம்ம பயிருதான? நம்ம கழனிதான? இருந்த எடத்துல திரும்ப வெக்கிறோம். இதுல இன்னா பொய்யி கீது?"

அப்பா பந்தயத்தை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவரும் மனுஷன்தான். "சரி, புரோக்கர இந்த வாரம் வர வேணாம்னு சொல்லிட்றேன். திங்கக்கெழம லீவு சொல்லிட்டு வரேன்" என்றார். ஒரு நாள் சம்பளம் போகும். அதை நான் அப்போது கவனிக்கவில்லை, இப்போது கவனிக்கிறேன்.

சனிக்கிழமை காலை. ஊரில் நடவுக்குப் பேர்போன நாலு பெண்களை அம்மா கூப்பிட்டிருந்தாள். மூத்தவளை எல்லோரும் பெரியத்தை என்போம். வாயில் எப்போதும் வெற்றிலை. குவியலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, பொணத்துக்குக் கண்ணாலமா?"

"வேற வழி சொல்லு, செய்றேன்."

"எனக்கு இன்னா வழி தெரியும்? எறங்குங்கடி. கூலி வேணாம்டி எனக்கு, செத்த வூட்டுக்கு வந்துட்டு காசு வாங்குவாங்களா?"

குவியலின் மேல்பகுதி வெயிலில் காய்ந்து விறைத்திருந்தது. வேரில் மண் இறுகிக் கொண்டை கொண்டையாய் நின்றது. அதிலிருந்து நல்லதாக, நல்ல செத்ததாக, பொறுக்கி எடுத்து, நாற்றுக்கட்டு மாதிரி நான் முடி கட்டிக் கொடுத்தேன். அம்மா ஈசானி மூலைக்குப் போனாள். முதல் முடியை இரண்டு கையிலும் ஏந்திக் கிழக்கே பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவள், நடுவழியில் கையை நிறுத்தினாள். அப்புறம் ஒற்றாமலே குனிந்து நட்டாள்.

முதல் அரைமணி நேரம் ஒரே கேலி. "தண்ணி கட்டுடி, தளிரு வுடட்டும்." "எரு போட்டியா? சாம்பல் போடு, அதான் பொருத்தம்." "எத்தினியாம் மாசம்டி அறுப்பு?" "அறுப்பு முன்னயே ஆயிடுச்சு, நடவுதான் இப்போ." சேற்றில் சிரித்துச் சிரித்து ஒருத்தி உட்கார்ந்தேவிட்டாள். அப்புறம் பேச்சு குறைந்தது. அப்புறம் நின்றுவிட்டது. கை, கால், சேறு, கை. பின்னால் ஒரு அடி, கை. குளக், குளக் என்று விரல் சேற்றில் இறங்குகிற சத்தம் மட்டும். நடவு நடுகிற பெண்களின் முதுகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது யோசிக்கிற முதுகு இல்லை. எதை நடுகிறோம் என்பதைக் கை மறந்துவிட்டிருந்தது. நடுகிறோம் என்பதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது.

வெயில் சாய்வதற்குள் ரோட்டோரம் தெரிகிற மட்டும் முடித்துவிட்டார்கள். நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு, "செத்தாலும் பாரு, எப்பிடி நிக்குது" என்றாள். அம்மா வரப்பில் நடந்து போய், சாய்ந்திருந்த இரண்டு குத்துகளைச் சரிசெய்து நிமிர்த்திவிட்டு வந்தாள். தலையாரி சைக்கிளில் வந்து பார்த்து, "சூப்பரா கீதுக்கா!" என்றார். ஓ.டி. முடிந்து வந்த அப்பாவும் பார்த்துத் தலையாட்டினார். நானும் பார்த்தேன். பத்துக் கண்ணுக்கு மேல் பார்த்தன. ஒரு கண்ணுக்கும் படவில்லை. யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்.

திங்கட்கிழமை. அப்பா கம்பெனிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். புது ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், ஒரு சின்ன வயதுப் பெண். அம்மாவைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ஜீப் நின்றதும் செருப்பைக் கழற்றி ஜீப்பிலேயே விட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தாள். அம்மா அதைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அந்த நிமிடமே அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

கழனியை அவள் வெகுநேரம் பார்த்தாள். ஒரு குத்தைத் தொட்டாள். சுலபமாகக் கையோடு வந்தது. வேரைப் பார்த்தாள். திரும்ப அதே குழியில் வைத்து, இரண்டு விரலால் அழுத்தினாள்.

"ஏம்மா, நானும் வயக்காட்டுல பெறந்தவதான். வெள்ளத்துல விழுந்த பயிரு தண்ணி போன பக்கமாத்தான சாஞ்சு கெடக்கும்? இது என்ன, போலீஸ் பரேடு மாதிரில்லா நிக்கு?"

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. குறுக்கே பார்த்தாலும் கோடு. நெடுக்கே பார்த்தாலும் கோடு. கோணலாய்ப் பார்த்தாலும் கோடு. ஒரு சாண், ஒரு சாண், ஒரு சாண். ரேஷன் கடையில் எங்களுக்கு நிற்கத் தெரியாத வரிசையில் கறுப்பு நெல் நின்றது.

"எங்க ரகம் அப்பிடி மேடம்," என்றார் அப்பா. "நல்ல வெத." தலையாரி ஏரியில் கொக்கு பார்த்தார்.

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அம்மாவிடம் மட்டும் பேசினாள்.

"நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இது வெள்ளத்துல அழுகின பயிருதான?"

"ஆமாம்மா. சத்தியமா."

"இதே வயல்ல நின்னதுதான?"

"இதே கழனிம்மா."

"அது போதும்." அவள் ஜீப்பில் ஏறி, ஃபைலை மடியில் விரித்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

அவள் எழுதத்தான் போனாள். இதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. வருடக்கணக்காக அவளைச் சபித்துக்கொண்டிருந்தேன், தந்திரக்காரி, வாயைப் பிடுங்கினாள் என்று. இப்போது அவள் அன்றிருந்த வயதையெல்லாம் நான் தாண்டிவிட்டேன். அவள் பிடுங்கவில்லை. ஃபைலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, அதற்குப் பாதிப் பதிலையும் கேள்வியிலேயே வைத்து நீட்டினாள். "ஆமா" என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் ரேஷன் கடைச் சுவரில் அப்பா பேர் ஏறியிருக்கும். தை மாதத்தில் புரோக்கருக்கு முன்னால் அப்பா தலையாட்டியிருக்க மாட்டார். இன்றைக்கு அந்த முக்கால் ஏக்கரில் கன்டெய்னர் லாரிகள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்காது. ஒரே ஒரு "ஆமா". நானே பக்கத்தில் நின்று அம்மா புடவையைப் பிடித்து இழுத்தேன், சொல்லு, சொல்லு என்று.

"ஆவணியில யாரும்மா நட்டது? ஆளு விட்டு நட்டதுதான?" என்று கேட்டாள் அந்தப் பெண், பேனாவைக் கட்டத்துக்கு மேல் வைத்துக்கொண்டு. கேட்டுவிட்டு அந்த வரிசைகளை இன்னொரு முறை நிமிர்ந்து பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அம்மாவும் திரும்பிக் கழனியைப் பார்த்தாள்.

"ஆவணில ஆளு வெச்சி நட்டதும்மா, அது கொஞ்சம் கோணலு. இது முந்தாநேத்து. இந்த ரோட்டோர மொத வரிசைங்க முச்சூடும் நாந்தான். கோடு பாக்க கவுறுகூட புடிக்கல."